இன்னொருக்கா பாய்

அவரை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஷார்ஜா ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் சில பேச்சிலர்கள் கூட்டாக ஒரு ரூமில் தங்கியிருந்தோம். எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக் குளியலறை. காலையில் பாங்கு சொல்வதற்கு முன்பே அங்கே குழாய் திறக்கும், மூடும். அப்பாடா என்று நாங்கள் புரண்டு படுத்தால் மறுபடியும் திறக்கும். நடுவில் ஓர் ஆண்குரல், யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன், பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணிக் கிழவர், மாடிப்படியில் நின்று "பானி கலாஸ்!" என்று கத்துவார். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் தலையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருப்போம்.

"இன்னொருக்கா பாய்" என்று பெயர் வைத்தது நான்தான். அவருடைய சொந்தப் பெயர் பின்னால் தெரியவந்தது. ஆனாலும் இன்றைக்கும் நினைப்பில் முதலில் வருவது இந்தப் பெயர்தான், அதனால் அப்படியே இருக்கட்டும்.

ஒருநாள் சண்டை போட்டே தீர்வது என்று முடிவு செய்து போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் முழங்கை வரை ஈரமாக நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, நரைக்கத் தொடங்கிய தாடி. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணியப் பத்தித்தானே வந்தீங்க? தப்பு என் மேலதான் தம்பி. மன்னிச்சுக்கங்க. உள்ள வாங்க, டீ சாப்பிடலாம்."

வரிந்து கட்டிக்கொண்டு போனவனுக்கு இதைவிட ஏமாற்றம் வேறு கிடையாது. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். மதியம் ஒரு சட்டி நிறைய பிரியாணி வேறு வந்தது.

அந்தச் சட்டியை நாங்கள் பளபளவென்று கழுவித்தான் திருப்பிக் கொடுத்தோம். கதவைச் சாத்தியதும் உள்ளே அதைக் கழுவுகிற சத்தம் கேட்டது. "நம்ம கை பட்டா ஆகாதாமா?" என்று ரூமில் ஒருவன் கொதித்தான். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பழகப் பழகத்தான் விஷயம் புரிந்தது. சொந்தத் தம்பி சாப்பிட்ட தட்டையும் அவர் அப்படித்தான் கழுவுவார், தான் சாப்பிட்ட தட்டையும் அப்படித்தான். எங்கள் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் முழுக்கத் தன் மேல்தான். கழுவினேனா, சரியாகக் கழுவினேனா, கழுவும்போது எங்காவது தெறித்ததா என்று நாள் முழுக்க ஒரே குடைச்சல். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுவதை அவர்கள் ஒலு செய்வது என்பார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு சொம்புத் தண்ணீர் வேலை. இவருக்கோ கால் கழுவ வரும்போது கை நனைந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இதே குணம் கடையில் அவருக்கு லாபமாகிவிட்டதுதான் வேடிக்கை. ரோலாவில் சின்னத் துணிக்கடை வைத்திருந்தார். துணியை அளப்பார், கத்தரியைக் கையில் எடுப்பார், "அளவு கொறஞ்சிருக்குமோ?" என்று மறுபடி அளப்பார், அதற்கும் மனசு கேட்காமல் ஒரு சாண் தள்ளி வெட்டிக் கொடுப்பார். பாகிஸ்தானி டெய்லர்கள் எல்லாம் அவர் கடையைத் தேடி வந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பதை அந்தத் தெருவே பார்த்திருக்கிறது. "பாய், நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், பூட்டிட்டீங்க" என்று எதிர்க்கடை மலையாளி கத்துவார். பாய் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்கிறேன். ஒரு நாள் காலை சிரிக்க முடியவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். பாய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

"பள்ளிக்குப் போகலையா பாய்?"

"தொழுகை முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க தம்பி. நான் இன்னும் ஒலு செஞ்சு முடிக்கல." கையைப் பார்த்தார். "இது வஸ்வாஸ்னு, ஷைத்தான் கிளப்பிவிடுற சந்தேகம்னு எனக்கே தெரியுது. மனசுல உக்காந்துக்கிட்டு ஓதிக்கிட்டே இருக்கு. பள்ளி ஆலிம்சாவும் எவ்வளவோ சொல்லிட்டாரு. தெரிஞ்சு என்ன? விட முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். டியூட்டி பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்தால் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கீழக்கரைக்காரர். வாய் நிறையப் பேச்சு, கை நிறைய வேலை. பாய் அலசச் சொல்லும் துணியை அலசி அலசி அந்தக் கையும் தேய்ந்திருந்தது. அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மக்கா போய் உம்ரா செய்ய வேண்டும். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து எல்லாம் வருகிறார்கள், ஷார்ஜாவிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் பாய் நகரமாட்டார். வழியில் பெட்ரோல் பங்க் கழிப்பறை, பொதுக் குழாய், வரிசையில் நிற்கிற ஜனம், யார் காலிலிருந்தோ தெறிக்கிற தண்ணீர். நினைத்தாலே அவருக்கு வியர்த்துவிடும்.

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்ங்கிறாரு தம்பி" என்று அக்கா என்னிடம் சொல்வார். "என் முட்டி அடுத்த வருஷம் வரைக்கும் நிக்குமா? நடக்க முடியும்போதே போயிடணும்னு பாக்குறேன்."

வழி பிறந்தது பாயின் கஃபீல் மூலமாக. கடை லைசென்ஸுக்குப் பொறுப்பான உள்ளூர் அரபியைத்தான் கஃபீல் என்பது. அவரிடம் ஒரு கேரவன் சும்மா நின்றுகொண்டிருந்தது. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய மாதிரி பெரிய வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை, கூரையில் ஏசி, அடியில் தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் பாலைவனத்தில் போய்த் தங்குவதற்காக வாங்கி, பிள்ளைகள் பெரியவர்களானதும் மறந்துபோனது. "எடுத்துக்கொண்டு போ, உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு உம்ரா செய்துவிட்டு வா, எனக்கும் துவா செய்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சொந்தக் கழிப்பறை, சொந்தக் குழாய். பாய்க்குத் தப்பிக்க வழியில்லை. ஆனாலும் ஒன்று கண்டுபிடித்தார்.

"துணி?" என்றாராம். "வழியில துணியில ஏதாவது பட்டுச்சுன்னா?"

அப்படித்தான் அவர் என் கடைக்கு வந்தார். நான் வேலை பார்த்தது வீட்டுச் சாமான் விற்கிற பெரிய ஷோரூமில், வாஷிங் மெஷின் பக்கம். அக்காவும் கூட வந்திருந்தார்.

"தம்பி, கேரவன்ல வைக்கணும். துவைக்கவும் வேணும், காய வைக்கவும் வேணும்."

முதலில் ரெண்டு தொட்டி மெஷினைக் காட்டினேன். ஒன்றில் துவைத்து மற்றதில் பிழிந்துகொள்ளலாம். "அப்புறம் கொடியில போடுங்க பாய். அந்தக் காத்துக்கு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும்" என்றேன்.

"கொடியா?" பாய் ஓரடி பின்வாங்கினார். "மேல பறவை பறக்கும். புழுதி அடிக்கும். வேணவே வேணாம்."

அடுத்தது தனித்தனியாக வாஷரும் டிரையரும், ஒன்றன்மேல் ஒன்றாக. டிரையரின் சூடான காற்று குழாய் வழியாக வெளியே போக வேண்டும், வண்டியின் சுவரில் ஓட்டை போட வேண்டும். கஃபீல் ஓட்டை போட விடமாட்டார் என்றார் அக்கா. ஓட்டை இருந்தால் வெளியில் இருப்பது உள்ளே வரும் என்றார் பாய். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்று. துவைத்து முடித்ததும் அதே டிரம்மில் காயவைத்தும் கொடுக்கிற ஒரே மெஷின். வெளிக்குழாய் வேண்டாம், ஓட்டை வேண்டாம். கேரவனில் துணி அலமாரிக்கு அடியில் இருக்கிற இடத்துக்கும் சரியாக இருந்தது. அந்த இடத்தை பாய் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தார். கடையிலிருந்து போய் மறுபடி அளந்துவிட்டும் வந்தார்.

"தண்ணி எத்தன தடவ மாத்தும்?" என்று கேட்டார். சொன்னேன். முகம் தெளியவில்லை.

"கூடுதலா அலசுறதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கு பாய்."

"அத அமுக்கினா?"

"இன்னொருக்கா அலசும்."

பாய் அந்தப் பட்டனை விரல்நுனியால் தடவிப் பார்த்தார். இப்படி ஒரு பட்டனை வைக்கத் தோன்றியவனும் தன்னைப் போல ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருக்க வேண்டும். டெமோவுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்து மெஷினை ஓடவிட்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தவர், கடைசிச் சுற்று வரை அசையவில்லை. "தமிழ் சேனல் எதுவும் வருதா?" என்று கூட வேலை செய்கிறவன் கிண்டல் பண்ணினான். அக்கா மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இதுல முடிச்சிடுங்க தம்பி, இன்னொரு கடைக்குப் போனா என் உம்ரா போச்சு" என்றார்.

முடித்தோம். மெஷினை வண்டியில் பொருத்தியும் ஆயிற்று. உடனே கிளம்பிவிடுவார் என்று நினைத்தால் நான் முட்டாள். பாலைவனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்றார். "நீங்களும் வாங்க தம்பி, மெஷின் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருக்கணும்." குளிர்கால வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, பிரியாணிப் பாத்திரத்தோடு மூவரும் கிளம்பினோம். தைத் ஊரைத் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு முள்மரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

சாப்பிட்டு முடித்ததும் ஜெனரேட்டரைப் போட்டு மெஷினை ஓட்டினார். சோதனைக்கு அவர் எடுத்தது உம்ராவுக்கு ஆண்கள் உடுத்துகிற இஹ்ராம் துணி, தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துண்டு. புதிதுதான், அக்கா ஏற்கெனவே துவைத்தும் வைத்திருந்தார். கூடவே பிரியாணி தெறித்த சட்டையும் போயிற்று. கூடுதல் அலசல் பட்டனை அமுக்கினார். அமுங்கியதா என்று பார்த்தார். விளக்கு எரிந்தது. திருப்தி.

மெஷின் துவைத்தது, அலசியது, இன்னொருக்கா அலசியது, பிறகு காயவைக்கத் தொடங்கியது. பாய் சாயங்கால அஸர் தொழுகைக்கு ஒலு செய்யப் போனார். குழாயைத் திறந்தார். அது இருமியது. ரெண்டு சொட்டு விழுந்தது. நின்றது.

அந்த மாதிரி மெஷின் காயவைக்கும்போதும் தண்ணீர் குடிக்கும். ஈரத் துணியிலிருந்து வருகிற ஆவியைக் குளிரவைக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் குழாய் திறந்தே இருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. எனக்கும் பட்டதில்லை, என் மேனேஜருக்கும் பட்டதில்லை. காயவைக்கிற வேலைக்குத் தண்ணீர் எதற்கு என்று யார்தான் யோசிப்பார்கள்? கேரவன் டேங்கைத் துடைத்து நக்கிவிட்டு மெஷின் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. கதவும் திறக்கவில்லை. இஹ்ராம் உள்ளே.

"பானி கலாஸ்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போய்விடலாம் என்று பாய் வண்டியை எடுத்தார். அந்தக் கனத்துக்குப் பின்சக்கரம் மணலில் சுழன்று அச்சு வரை புதைந்தது. கஃபீலுக்குப் போன் செய்தோம். மகனை ஜீப்போடு அனுப்புகிறேன், வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்றார். பொழுது சாய்ந்தால் அஸர் நேரம் போய்விடும்.

குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் ஒரு பெட்டி இருந்தது. பாய் முள்மரத்தடியில் குந்தி ஒவ்வொன்றாகத் திறந்து ஒலுவை ஆரம்பித்தார். கை, வாய், மூக்கு, முகம். காலுக்கு வந்தார். நின்றார். முழங்கையைப் பார்த்தார்.

"இன்னொருக்கா."

மறுபடி முதலிலிருந்து. காலி பாட்டில்கள் காற்றில் உருண்டு போய்க்கொண்டிருந்தன. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பாட்டில்களைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழுகை தவறினால் இந்த மனுஷன் அந்தப் பயணத்துக்கு இனி வண்டியேறமாட்டார், அது எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசி பாட்டிலுக்கு அவர் கையை நீட்டினார். அக்கா அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"குடு."

"மாட்டேன். இது குடிக்கிற தண்ணி. மூணு உசுரு இருக்கு இங்க."

"தொழுகை நேரம் போகுது."

"போகுதுல்ல? அப்ப மண்ணுல செய்ங்க."

தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டு தொழலாம் என்று அவர்களுக்கு ஒரு முறை உண்டு. தயம்மும் என்பார்கள். எனக்கு அது அன்றுதான் தெரியும். பாய்க்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஒருநாளும் செய்ததில்லை.

"மண்ணுலயா? அது எப்படி... மனசுக்கு..."

"தண்ணி இல்லாதவனுக்கு மண்ணு போதும்னு அல்லாவே சொல்லிட்டான்." அக்கா பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் போதாதா? அவனவிட நீங்க சுத்தம் பாக்கிறவரா?"

இத்தனை வருஷத்தில் அக்கா அவரை எதிர்த்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. சூரியன் மணல்மேட்டைத் தொடப் போய்க்கொண்டிருந்தது. பாய் மெல்லத் திரும்பி, புழுதி படிந்த ஓர் இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் தட்டினார். முகத்தைத் தடவினார். மறுபடி தட்டினார். ஒரு கையால் மற்ற கையை, முழங்கை வரைக்கும். அவ்வளவுதான். கையை விரித்துப் பார்த்தார். வெடித்த விரல் இடுக்கெல்லாம் புழுதி.

நான் அவர் உதட்டையே பார்த்தேன். இதோ சொல்லப் போகிறார், இன்னொருக்கா என்று சொல்லப் போகிறார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றார் அக்கா.

"கழுவ ஒண்ணுமே இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். குரலில் ஆச்சரியம் இருந்தது. மண் அப்பிய முகத்தோடு, காலையிலிருந்து போட்டிருந்த கைலியோடு, மணலிலேயே நின்று தொழ ஆரம்பித்துவிட்டார். அந்தத் தொழுகையைப் போல நிதானமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. முடித்தவர் எழுந்திருக்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் இறங்கியிருந்தது. அதுவரை அது ஏறி நின்றிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மெஷின் சூடு ஆறி, "டொக்" என்று கதவு திறந்துகொண்டது. இஹ்ராம் துணி பாதி ஈரம், பாதி ஆவி. அக்கா யாரையும் கேட்கவில்லை. முள்மரத்துக்கும் வண்டிக் கைப்பிடிக்கும் நடுவில் கயிற்றைக் கட்டி இரண்டு துண்டையும் உதறிப் போட்டார். மேலே ஏதோ பறவைகூடப் பறந்தது. பாய் நிமிர்ந்து பார்த்தார். குனிந்து டீயைக் குடித்தார். ஜீப் வருவதற்குள் துணி காய்ந்துவிட்டது.

அன்றோடு எல்லாம் போய்விட்டது என்று நான் கதை அளக்கமாட்டேன். கடைப் பூட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பது கடைசிவரை போகவில்லை. துணியில் ஒரு சாண் கூடுதலாக வெட்டுவதும் போகவில்லை, அது போகாததில் டெய்லர்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்தால் கொஞ்சத்தில் மூடியது. திரும்பத் திறக்கிற நாட்களும் உண்டு. அப்போது அக்காவின் குரல், "மண்ணக் கொண்டாரவா?" என்று கேட்கும். குழாய் மூடிவிடும். பட்டாணி வாட்ச்மேன் தண்ணீர் தீராததை நம்ப முடியாமல் டேங்க் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார், எங்கோ மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவர்கள் உம்ராவுக்குக் கிளம்பிப் போன பிறகு எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. எந்த இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவாரோ என்று இருந்தது. ஒரு மதியம் போன் அடித்தது. சவுதி நம்பர்.

"தம்பி, மக்காவுக்குக் கிட்ட வந்துட்டோம்" என்றார் பாய். பின்னால் லாரிச் சத்தம்.

"மெஷின் எப்படி ஓடுது பாய்?"

"அதுலயா? உங்க அக்கா அரிசியும் வெங்காயமும் போட்டு வச்சிருக்கா." சிரித்தார். "இங்க பெட்ரோல் பங்க் பள்ளியில லுஹர் தொழுதோம் தம்பி."

"ஒலு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

பதில் வருவதற்குள் போன் கை மாறியது. அக்காவின் குரல், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"பொதுக் குழாய்தான் தம்பி. வரிசையில நின்னாரு. நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "போனாரு, வந்தாரு."

ஷோரூம் நடுவில், ஓடாத மெஷின்களுக்கு மத்தியில், அன்று பாய் இழுத்துப்போட்ட அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் நெஞ்சிலிருந்த பாரமும் அப்போதுதான் இறங்கியது.